ஆறாவது கூறு

அம்சவேணிக்கு வயது ஐம்பத்திரண்டு. நாமக்கல் கடைவீதியில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் தனியார் துப்பறியும் நிலையம் நடத்துபவர். காவல்துறையில் தலைமைக் காவலராக இருந்து, விருப்ப ஓய்வு பெற்று வெளியே வந்தவர். அவருக்குச் சில பழக்கங்கள் உண்டு. விசாரணைக்குச் செல்லும் வீட்டில் பச்சைத் தண்ணீரும் பருகமாட்டார். குடித்த காபி கேட்கவேண்டிய கேள்வியைத் தடுத்துவிடும் என்பது அவர் எண்ணம். ஒருவர் பேசும்போது குறுக்கிடமாட்டார். பேசி முடித்த பின்பும் சற்று நேரம் வாயைத் திறவாமல் இருப்பார். அந்த மௌனத்தைத் தாங்கமாட்டாமல் எதிரில் இருப்பவர் இன்னும் ஏதேனும் சொல்லிவிடுவார். வழக்குகளின் முடிச்சு பெரும்பாலும் அந்த 'இன்னும் ஏதேனும்' என்பதில்தான் கிடந்திருக்கிறது.

அவருடைய உதவியாளன் யுவராஜ் இதற்கு நேர்மாறு. முன்னர் மினி பஸ் ஓட்டியவன். வாய்க்கும் வண்டிக்கும் பிரேக் பிடிக்காதவன் என்று பெயர் வாங்கியவன்.

"எழுபது வளைவுங்கக்கா! கல்யாணத்துலயே மூணு முடிச்சோட விட்டுடறாங்க. இந்த ரோடு போட்டவருக்கு மனசே இல்லீங்க" என்றான், வேனை மலைமேல் திருப்பியவாறே.

அம்சவேணி சிரிக்கவில்லை. முந்தைய நாள் கேட்ட கதை அவர் நெஞ்சில் நெருடிக்கொண்டிருந்தது. அக்கதை மிகவும் ஒழுங்காக இருந்ததே அதற்குக் காரணம்.

கதையைக் கொண்டுவந்தவர் மாதேஸ்வரன். மலைமேல் குண்டனி நாட்டுச் சிற்றூர் ஒன்றின் தலைவரான ஊர்க்கவுண்டர். அவரும் ஊரார் நால்வரும் சேர்ந்து பெங்களூர்க் குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டியிருந்தார்கள். கட்டிக்கொடுத்தவர் கால்நடை மருந்தகத்தின் உதவியாளர் ஆரோக்கியராஜ். திண்டுக்கல் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். பந்தயத்தின் பெயர் 'டனாலா'. முதலில் வரும் மூன்று குதிரைகளை, வரும் வரிசை மாறாமல் சொல்லவேண்டும். மூன்று குதிரைகளைத் தேர்ந்துகொண்டால், அவை மாறி மாறி ஆறு விதமாக வரக்கூடும். அந்த ஆறு வரிசைகளையும் ஆறு கூறுகளாக்கி, ஐந்தை ஐவரும் எடுத்துக்கொண்டு, ஆறாவதைச் சாமிக்கு விட்டார்கள். குதிரைகள் அச்சு மாறாமல் சாமியின் வரிசையிலேயே ஓடிவந்தன. ஆரோக்கியராஜோ, சாமி கூறுக்குப் பணமே வராது என்றார். ஊர் கொதித்தது. அதன்பின் ஆளைக் காணவில்லை.

"சாமி காசைத் தின்னுட்டு ஓடிட்டானுங்க. நாளன்னைக்கு ஊர்க்கூட்டம். ஆளு ஓடிட்டான்னு நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதுமுங்க அம்மணி" என்று முன்பணத்தை வைத்துவிட்டு எழுந்தார் மாதேஸ்வரன்.

கண்டுபிடித்துத் தாருங்கள் என்று அவர் கேட்கவில்லை. அதுதான் நெருடல்.

மருந்தகத்தை ஒட்டிய குடியிருப்பின் வாசலில் ஊர் ஒதுக்கிவைத்ததற்கு அடையாளமாக முள்மரக் கிளைகளை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். யுவராஜ் அவற்றைக் காலால் ஒதுக்கினான். அம்முறை அவன் வேடிக்கை எதுவும் பேசவில்லை. கதவைத் திறந்த ஜெனிபர், ஆரோக்கியராஜின் மனைவி, இவர்கள் யார் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பின்னரும் நிலையைப் பிடித்தபடியே நின்றாள்.

"கவுண்டர் அனுப்பின ஆளுங்களா நீங்க? அப்ப எங்கிட்ட என்ன இருக்குக்கா சொல்றதுக்கு? கடையில எனக்கு உப்புக்கூடக் கொடுக்கமாட்டேங்கறாங்க."

"உம் புருசன் எங்கம்மா போனாரு?"

"தெரியலக்கா. 'வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குள்ள இதை முடிச்சுட்டு வந்துடறேன், யாரையும் எதுத்துப் பேசாத'ன்னு மட்டும் சொன்னாரு. வண்டிகூட எடுக்கல. முந்தாநாள் காலையில பஸ்ஸுல மலை இறங்கிப் போனாரு."

அம்சவேணி ஒன்றும் கூறாமல் நின்றார். ஜெனிபரின் கை தன்னையறியாமல் கழுத்துக்குச் சென்றது. அங்கே ஒரு கறுப்புக் கயிறு மட்டும் இருந்தது.

"நாந்தான் கழட்டிக் கொடுத்தேன்" என்றாள் மெல்ல. "எதுக்குன்னு கேக்கல. கேட்டிருக்கணும். அவரு எடுக்கலக்கா. பந்தயம் கட்டுவாரு, அது உண்மை. எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கேன். ஆனா அடுத்தவங்க காசைத் தொடமாட்டாரு. இந்த மலையில கடைசிவரைக்கும் திருடன் பொண்டாட்டின்னு நான் எப்படிக்கா இருப்பேன்?"

வேனில் ஏறிய பின் யுவராஜ் சொன்னான்: "காசை அடிச்சவன் பொண்டாட்டி செயினையும் வாங்கிட்டுப் போவானாங்கக்கா? பேங்கைக் கொள்ளையடிச்சவன் வாசல்ல நின்னு பிச்சை கேட்ட மாதிரி இருக்குது."

"அதேதான் யுவராசு. போற வழியில சோளக்காட்டுல நிறுத்து."

சோளக்காட்டுச் சாலையோரச் சந்தையில் பஸ் ஒன்று நின்று கிளம்பியது. அன்னாசியும் பலாவும் குவிந்திருந்த வரிசையில், சாக்கு விரித்து மிளகு விற்றுக்கொண்டிருந்தாள் பொன்னாயி; பணம் கட்டிய ஐவரில் ஒருத்தி.

"வாங்க அம்மணி, மொளகு வேணுங்களா, அன்னாசி அறுக்கட்டுங்களா?"

"மொளகு கால் கிலோ போடுங்க. அப்படியே, குதிரையை எப்படிக் கூறு போட்டீங்கன்னும் சொல்லுங்க."

பொன்னாயியின் முகம் சுருங்கியது. ஆயினும் மறைக்கவில்லை. "நோம்பிக்குக் கெடா வெட்டினா எப்படிப் பிரிப்போமோ, அப்படித்தானுங்க. பலா எலை ஆறு. எலைக்கு ஒரு வரிசைன்னு கரியில எழுதி வெச்சாரு மருந்தாஸ்பத்திரிக்காரரு. நாங்க அஞ்சு பேரும் ஆளுக்கொரு அடையாளம் குடுத்தோமுங்க. நான் மொளகுக் கொத்து குடுத்தேன், கவுண்டரு கொட்டைப்பாக்கு குடுத்தாரு. எது ஆரோடதுன்னு தெரியாத வெளியாளு அதையெல்லாம் வாங்கி எலைக்கொண்ணா வெக்கோணும். அவருக்குத்தான் பங்கு இல்லையே, அவரே வெச்சாரு. அடையாளம் உழுகாத எலை சாமிக்கு."

"குதிரையைக் கறி போட்ட ஊரு உலகத்துலயே உங்க ஊருதானுங்க" என்றான் யுவராஜ்.

"நீ சிரி சாமி! எங்கூருல கூறுல பொய் சொன்னவன் கையால ஆரும் தண்ணி வாங்கிக் குடிக்கமாட்டாங்க. அவனூட்டுப் புள்ளைக்குப் பொண்ணு குடுக்கமாட்டாங்க. அதுவும் சாமி கூறுன்னா சும்மாவா?"

"நீங்க எவ்வளவு குடுத்தீங்க பொன்னாயி?"

"நூறுங்க. எல்லாரும் நூறுதான்."

அம்சவேணி மிளகுப் பொட்டலத்தை வாங்கிப் பையில் வைத்தார். காசைக் கொடுத்தார். பிறகு அங்கேயே நின்றார். பொன்னாயி தராசைத் துடைத்தாள்; படிக்கற்களை எடுத்து இடம் மாற்றி வைத்தாள்; நிமிர்ந்து பார்த்தாள்.

"மொதல்ல நூத்தியிருவதுன்னுதான் கேட்டாருங்க அவரு" என்றாள் கடைசியில். "அப்பறம் நூறே போதும்னு ஆயிப்போச்சு."

"ஆரு ஆக்கினது?"

பொன்னாயி வானத்தைப் பார்த்தாள். வானத்தில் மேகம்கூட இல்லை. "மழை வாராப்பல இருக்குதுங்க. மொளகு நனைஞ்சு போயிரும்" என்று சொல்லிச் சாக்கை மடித்து மூடத் தொடங்கினாள்.  சட்டத்துக்கு மறைவாகப் பந்தயப் பணம் வாங்குபவர் மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் பஞ்சர் கடை வைத்திருக்கும் அர்த்தனாரி என்பதை மட்டும், தலையைத் திருப்பாமலே சொல்லி அனுப்பினாள்.

அவர்கள் இறங்கிவந்தபோது மதியம் சாய்ந்திருந்தது. பஞ்சர் கடை வாசலில் வண்டி ஒன்றுகூட இல்லை. செருப்புகள் மட்டும் வரிசையாகக் கிடந்தன.

"செருப்புக்கும் பஞ்சர் ஒட்டறாங்களாட்டம் இருக்குதுக்கா" என்றான் யுவராஜ்.

அர்த்தனாரி பருத்த உடலும் பணிந்த பேச்சும் உடையவர். அம்சவேணியின் நடையைக் கண்டதுமே அது காக்கியில் பழகிய நடை என்று தெரிந்துகொண்டார்.

"ஏனுங்க, நான் டியூப் மாத்தறவனுங்க. எனக்குக் குதிரையும் தெரியாது, கழுதையும் தெரியாது."

"நான் வேலையை விட்டு வருசக்கணக்காச்சுங்க. உங்களைப் பிடிச்சுக் குடுக்க வரல. மேல ஒரு குடும்பம் முள்ளுக்குள்ள கெடக்குது. உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொன்னாப் போதும். ஆரோக்கியராஜை எப்பப் பார்த்தீங்க?"

"பார்க்கவே இல்லீங்க. அன்னைக்குப் போன்லதான் சொன்னாரு. நாலே வார்த்தை, நம்பரைச் சொன்னாரு, வெச்சுட்டாரு. அதுக்கப்பறம் பேச்சும் இல்லை, ஆளும் இல்லை."

"சரி. டனாலா காம்பினேசன்னா என்ன? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

தொழிலைப் பற்றிக் கேட்டதும் அர்த்தனாரியின் பயம் சற்றுத் தெளிந்தது. பலகையின்மேல் கிடந்த ஒரு நட்டு, ஒரு வாஷர், ஒரு வால்வு மூடி மூன்றையும் எடுத்து வரிசையாக வைத்தார்.

"இதுக மூணும் குதிரைன்னு வெச்சுக்குங்க. நட்டு மொதல்ல வந்தா, பின்னால வாஷர், மூடின்னு வரலாம். மூடி, வாஷர்னும் வரலாம். ரெண்டாச்சா? இப்படி மூணுல எது முன்னால வந்தாலும் ரெண்டு ரெண்டு. மொத்தம் ஆறு. நாலு குதிரை எடுத்தீங்கன்னா இருவத்திநாலு. அஞ்சு எடுத்தா அறுவது! ஆளுங்க 'காம்பினேசன்'னு ஒரே பேரா சொல்றதால ஒரே பந்தயம்னு நெனச்சுக்கறாங்க. அது பேருதானுங்க ஒண்ணு. உள்ள இருக்கறது அத்தனையும் தனித்தனிச் சீட்டு. ஒவ்வொண்ணுக்கும் தனிக் காசு. ஆறுல ஒண்ணுதான் செயிக்கும், அஞ்சு எப்படியும் தோக்கும். காசு கட்டாத வரிசை, கட்டாததுதான்."

"இவங்க கட்டினது எத்தனை?"

"அஞ்சுங்க. சீட்டு நூறு. அஞ்சு சீட்டு. கட்டாம விட்ட அந்த ஆறாவதுதானுங்க வந்துச்சு. வயித்தெரிச்சல்! மேல இருக்கறவங்க, அது கூடவே தானா வரும்னு நெனச்சுட்டாங்க. தானா வர்றதுக்கு இதென்ன கெடாக்கறியாங்க?"

அம்சவேணி நட்டையும் வாஷரையும் பார்த்துக்கொண்டே இருந்தார். இப்போது யாவும் துலங்கிற்று. கெடாவை ஐவர் முழு விலை கொடுத்து வாங்குகிறார்கள். வெட்டி ஆறு கூறு போட்டால், சாமியின் கூறும் அந்த விலைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அதற்கென்று தனியே எவரும் காசு தருவதில்லை, கேட்பதும் வழக்கமில்லை. அதே கணக்கில் குதிரையையும் பங்கிட்டுவிட்டார்கள். ஆறு சீட்டின் விலையை ஐவர் பகிர்ந்திருந்தால் ஆளுக்கு நூற்றிருபது. ஆரோக்கியராஜ் முதலில் கேட்டதும் அதுவே. ஊரார் ஐவரும் ஐந்து சீட்டுக்குப் பணம் கொடுத்துவிட்டு, ஆறாவது சீட்டின் பரிசைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். திருடுபோனதாகச் சொல்லப்படும் பணம் இந்த உலகத்தில் எங்கும் இருந்ததேயில்லை.

"அர்த்தனாரி" என்றார் அமைதியாக. "கெடாக்கறின்னு உங்களுக்கு ஆரு சொன்னாங்க?"

"என்னதுங்க?"

"நான் இங்க வந்து கூறுன்னும் சொல்லல, கெடான்னும் சொல்லல. ஆரோக்கியராஜ் போன்ல சொன்னது நம்பரு மட்டும். அப்பறம் பேச்சே இல்லைன்னீங்க. மேல இருக்கறவங்க என்ன நெனச்சாங்கன்னு, ஓட்டம் முடிஞ்சு சண்டை வந்தப்பறம்தான் அவருக்கே தெரிஞ்சிருக்கும். அப்பறம் அவரைப் பார்க்காத உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அர்த்தனாரி வால்வு மூடியைக் கையில் எடுத்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் மீண்டும் பலகையிலேயே வைத்தார்.

"பெரிய பஞ்சருங்க" என்று முணுமுணுத்தான் யுவராஜ். அம்சவேணி அவனைக் கடந்து, தொங்கிய பழைய டயர்களை விலக்கி, பின்கட்டுக் கதவைத் தள்ளினார்.

உள்ளே நாலைந்து பேர் தரையில் அமர்ந்து ஒரு கைப்பேசியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவரோரமாகத் தனியே இருந்தவர் மழிக்காத முகத்தைத் தூக்கினார். ஆரோக்கியராஜ்தான்.

"ஜெனிபரைப் பார்த்துட்டுத்தான் வாரேன்" என்றார் அம்சவேணி.

அவ்வளவுதான், ஆரோக்கியராஜின் முகம் நொறுங்கியது. "எப்படி இருக்கா மேடம்?"

"வாசல்ல முள்ளு கெடக்குது. கடையில உப்புக் குடுக்கமாட்டேங்கறாங்க. நீங்க இங்க என்ன பண்றீங்க?"

"கட்டுறேன் மேடம். ஜாக்பாட். அஞ்சு ஓட்டம், அஞ்சுலயும் மொதல்ல வர்ற குதிரையைச் சொல்லணும். ஒவ்வொரு ஓட்டத்துலயும் ரெண்டு மூணுன்னு எடுத்தா ஒண்ணோட ஒண்ணு பெருகிச் சீட்டு ஏறும். செயினை வெச்சு அத்தனையும் எடுத்துட்டேன். நாலு ஓட்டத்துல நம்ம குதிரை வந்துருச்சு. இன்னும் ஒரே ஓட்டம். வந்துட்டா ஊருக்குக் கொண்டுபோய்க் கொடுத்துடுவேன்."

"எதைக் கொடுப்பீங்க?"

"சாமி பணத்தை."

"அப்படி ஒரு பணமே இல்லையே."

"எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஊருக்குத் தெரியுமா?" அவர் குரல் உயர்ந்து, பிறகு தானே தாழ்ந்தது. "தலைதலையா அடிச்சுக்கிட்டுச் சொன்னேன் மேடம். ஆளுக்கு நூத்தியிருபது கொடுங்க, ஆறையும் கட்டிடலாம்னு. சாமி கூறுக்குக் காசு வாங்கற வழக்கம் எங்க ஊர்ல இல்லைன்னு கவுண்டர்தான் குறைச்சாரு. சரி, அதை நான் என் கைக்காசுல கட்டிடறேன்னேன். வெளியாளு, அதுவும் சர்ச்சுக்குப் போறவன், சாமி கூறைத் தொடக்கூடாதுன்னுட்டாரு. ஓட்டம் முடிஞ்சதும் விளக்கிச் சொன்னேன். அவருக்குப் புரிஞ்சுது மேடம், முகத்துலயே தெரிஞ்சுது. ஆனா ஊரார் முன்னால உண்மையைச் சொல்லல. 'காசைக் குறைக்கச் சொன்னது நானே இல்லை'ன்னுட்டாரு."

மாதேஸ்வரன் அறியாமல் பிழை செய்தார், பிறகு அறிந்தார். அறிந்ததைச் சொன்னால், சாமிக்கு வரவேண்டியதைத் தடுத்த கவுண்டர் என்று ஊர் சொல்லும்; தலைமை போகும். போலீசுக்குப் போகலாம் என்று மற்றவர்கள் சொல்லியிருப்பார்கள். அதைத் தடுக்கவே நாமக்கல் மாடிப்படி ஏறினார் போலும். ஓடிவிட்டான் என்று ஒரு வார்த்தை சொல்ல, கூலிக்கு ஓர் ஆள். அந்தக் கூலி ஆள் தாமே என்பதை எண்ணியபோது அம்சவேணிக்கு நாக்குக் கசந்தது.

அப்போது கைப்பேசியைச் சுற்றியிருந்தவர்கள் ஒருசேரக் கத்தினார்கள். ஆரோக்கியராஜ் தவழ்ந்து சென்று பார்த்தார். 

"வந்துருச்சுங்க" என்றார் கதவருகில் நின்ற அர்த்தனாரி. "மூணாம் நம்பரு. இவரு எடுத்தது. இன்னைக்கு நிறையப் பேருக்கு உழுந்திருக்கும், அதனால பெருசா வராது. ஆனா ஊரு கேக்கறதுல பாதி தேறுமுங்க. சாயங்காலம் வாங்கிக்கலாம்."

"பாதி போதும்!" ஆரோக்கியராஜ் எழுந்துவிட்டார்; கண்களில் நீர் வழிந்தது. "பாதியை நாளைக்கே கொடுத்துடறேன். மீதியைச் சம்பளத்துல கட்டறேன்னு எழுதிக் கொடுத்துடறேன். முள்ளை எடுத்துடுவாங்க. அவ நிம்மதியாத் தூங்குவா."

யுவராஜ் அம்சவேணியை வாசலுக்கு அழைத்து, முதன்முறையாக வேடிக்கை கலவாத குரலில் பேசினான். "அக்கா, யோசிச்சுப் பாருங்க. ஊருக்குக் காசு வந்துரும். கவுண்டரு தப்பிச்சுக்குவாரு. இவருக்கும் சண்டை முடிஞ்சுரும். நமக்கும் கேஸ் முடிஞ்சுது. ஆருக்குமே நட்டமில்லீங்க."

அம்சவேணி சாலையைப் பார்த்தார். மலையிலிருந்து இறங்கிய மரவள்ளி லாரி ஒன்று புழுதி கிளப்பிச் சென்றது. அந்தப் பணத்தை ஆரோக்கியராஜ் ஊர் நடுவில் வைக்கும் காட்சி அவர் கண்முன் எழுந்தது. ஊரார் எண்ணிப் பார்ப்பார்கள், எடுத்துக்கொள்வார்கள். முள்ளையும் அகற்றுவார்கள். 'எடுத்தான், பயந்து திருப்பிக் கொடுத்தான்' என்று அதன்பின் என்றைக்கும் சொல்லுவார்கள். ஜெனிபர் கடைக்குப் போனால் உப்புக் கிடைக்கும். உப்போடு அந்தச் சொல்லும் கிடைக்கும்.

உள்ளே திரும்பினார்.

"ஆரோக்கியராஜ், அந்தக் காசை வாங்கி மொதல்ல செயினை மீட்டுட்டு வாங்க. ஒரு ரூபாயும் ஊருக்குக் குடுக்காதீங்க. குடுத்தா, எடுத்தது நீங்கன்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி."

"கவுண்டரைப் பொய்யருன்னு சொல்லிட்டு நாங்க அந்த ஊர்ல எப்படி மேடம் இருக்கறது? சாட்சிக்கு யாரு இருக்கா? இவரு வருவாரா?"

அர்த்தனாரி தலையைக் குனிந்துகொண்டார். வந்தால் அவர் சிறைக்குப் போகவேண்டும்.

"இவரு வர வேண்டாம். சாட்சி மேலயே இருக்குது, அஞ்சு பேரு. ஆளுக்கு எவ்வளவு குடுத்தோம்னு அவங்களுக்கு மறக்காது. அதைக் குறைச்சது ஆருன்னும் மறந்திருக்காது. கூறுல பொய் சொல்ல அந்த ஊருல எல்லாருக்கும் பயம் இருக்குது."

"சொல்லாம விட்டுட்டாங்கன்னா?"

"அதுவும் நடக்கலாம்" என்றார் அம்சவேணி. பொன்னாயி இல்லாத மழையைக் காட்டிச் சாக்கை மூடியது அவர் நினைவில் இருந்தது. உறுதிமொழி எதுவும் அவரால் கொடுக்க முடியவில்லை.

யுவராஜ் தயங்கினான். "கவுண்டரு நமக்குக் கூலி குடுத்தவருங்க..."

"கூலியை இன்னைக்கே அவரூட்டுல திருப்பிக் குடுத்துரு" என்றார் அம்சவேணி, குரலை உயர்த்தாமல். "நாளைக்குக் கூட்டத்துக்கு நான் போறேன். எவ்வளவு குடுத்தீங்கன்னு அஞ்சு பேரையும் கேக்கறேன். கவுண்டரை மொதல்ல கேக்கறேன்."